ஜஸ்டிஸா, டெத் மாக்னெட்டிக்கா? ஒன்றுதான் வாங்குவதென்றால்

பாட்டுக்குப் பாராட்டும் பதிவுக்குத் திட்டுமாக வாங்கிய ஆல்பங்கள் அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவிடம் இரண்டு உண்டு. ஒன்று 1988-இல் வந்த 'ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. மற்றது 2008-இல் வந்த 'டெத் மாக்னெட்டிக்'. முதலாவதில் பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுருதி வாசிக்கும் கிட்டார், கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. இரண்டாவதில் எல்லாமே ஒரே உச்சத்தில் நின்று கத்தும். 2003-இன் 'செயின்ட் ஆங்கர்' இந்தக் கணக்கில் வராது, அதில் பாட்டுகளையே நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் பேஸ் கிட்டார் பழகுகிறான். "மாமா, ரெண்டுல ஒண்ணுதான் வாங்கப் போறேன், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன, இரண்டையும் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். ஜஸ்டிஸை வாங்கு என்று சொன்னேன். பேஸ் பழகுகிறவனுக்குப் பேஸே கேட்காத ஆல்பமா என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். காரணத்தை அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாட்டுகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. இரண்டிலும் நீளமான பாட்டுகள், திருப்பத்துக்கு மேல் திருப்பம், வேகமான ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள். ஜஸ்டிஸில் ஒன்பது பாட்டுகள், 65 நிமிடம். டெத் மாக்னெட்டிக்கில் பத்துப் பாட்டுகள், ஏறக்குறைய 75 நிமிடம். 'ஒன்', 'பிளாக்கன்ட்' இரண்டும் அந்தப் பக்கம் என்றால் 'ஆல் நைட்மேர் லாங்', 'தி டே தட் நெவர் கம்ஸ்' இந்தப் பக்கம். இதில் யார் எதைச் சொன்னாலும் சண்டை போட மாட்டேன். எனக்கு 'ஒன்' ஒரு படி மேல், அவ்வளவுதான்.

வரவேற்பைப் பார்த்தால் இரண்டுமே வெற்றிதான். ஜஸ்டிஸ் அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. 1989 கிராமி விருதில் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டையும் ஒரே பிரிவில் போட்டு, அதை மெட்டல் குழுவே அல்லாத ஜெத்ரோ டல்லுக்குக் கொடுத்தார்கள். அந்த முடிவைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு மெட்டலுக்குத் தனிப் பிரிவு வந்தது, 'ஒன்' அதை வென்றது. டெத் மாக்னெட்டிக் வெளியான மூன்றே நாளில் அமெரிக்காவில் 4,90,000 பிரதிகள் விற்று முதலிடத்தைப் பிடித்தது. அதிலுள்ள 'மை அபோகலிப்ஸ்' 2009-இல் கிராமி வாங்கியது. ஆக, விருதும் விற்பனையும் நமக்கு முடிவு சொல்லாது.

முடிவு சொல்வது ஒரே கேள்வி. பதிவில் இருக்கும் குறையைக் கேட்கிறவர் தன் வீட்டில் சரிசெய்துகொள்ள முடியுமா, முடியாதா?

முதலில் ஜஸ்டிஸ். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து, பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டுக்கு இதுதான் இந்தக் குழுவுடன் முதல் முழு ஆல்பம். லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ளெமிங் ராஸ்முசன் தயாரிப்பில் பதிவானது. மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான கருவிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் வேலை, செய்தவர்கள் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியரோவும். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் பேஸைக் குறை, இன்னும் குறை என்று சொல்லிச் சொல்லித்தான் அது காணாமல் போனது என்று தாம்சன் பின்னால் பேட்டிகளில் சொன்னார். அதே நேரத்தில் குழு 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' சுற்றுப்பயணத்திலும் இருந்தது. மேடைச் சத்தத்தில் களைத்த காதோடு மிக்ஸிங் அறைக்கு வந்து போனார்கள். நியூஸ்டெட் வாசித்ததும் பெரும்பாலும் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டார் போகும் வழியிலேயே போகிறது. அதனால் அந்தக் கனமான கிட்டாருக்குள் பேஸ் கரைந்துவிட்டது.

கேட்கும்போது என்ன ஆகும்? ஒலி வறண்டு இருக்கும். டிரம்மின் 'டக் டக்' முன்னால் நிற்கும், கீழே தரை இல்லாத மாதிரி ஒரு வெறுமை. ஆனால் கவனித்துக் கேளுங்கள், ஒவ்வோர் அடிக்கும் இடம் இருக்கிறது. 'ஒன்' பாட்டின் தொடக்கக் கிட்டார் மெல்லத்தான் வரும், கடைசியில் அந்த இரட்டை பேஸ் டிரம் வெடிக்கும்போது உண்மையிலேயே வெடிக்கும். மெல்லியதற்கும் பெரியதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் கூடும், காது எரியாது. ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதியைக் கொஞ்சம் ஏற்றினால் கிட்டாரின் அடிப்பகுதியும் பேஸ் டிரம்மும் சதைப்பிடிப்பாக வரும். நியூஸ்டெட்டின் பேஸ் அப்போதும் தனியாகத் தெரியாதுதான். ஆனால் ஆல்பம் நிறைவாக ஒலிக்கும். வேண்டுமென்றால் ரசிகர்கள் பேஸைத் தாங்களே வாசித்துச் சேர்த்த வடிவங்களும் இணையத்தில் கிடைக்கின்றன.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதைத்தான். பேஸ் காலியாக இருக்கிறது, நீ வாசி. 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ' வேகமில்லாத பாட்டு, பழகுகிறவன் அதில் தொடங்கலாம். அவன் ஆம்ப்ளிஃபையரை மாட்டி அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசித்தால், 1988-இல் விட்ட இடம் அப்படியே நிரம்புகிறது. மோதுவதற்கு அங்கே வேறொரு பேஸ் இல்லை. காசு கொடுத்துப் பயிற்சிக்கென்று தனியாக வாங்கும் டிராக்கை விட இது எவ்வளவோ மேல்.

இப்போது டெத் மாக்னெட்டிக். தயாரிப்பாளர் ரிக் ரூபின். பேஸ் வாசிப்பது ராபர்ட் ட்ரூஹீயோ, மெட்டாலிகாவின் ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றில் அவர் வாசித்தது இதுதான் முதல் தடவை. ஜஸ்டிஸோடு ஒப்பிட்டால் பேஸ் கேட்கிறது, அதை மறுக்க மாட்டேன். இதன் குறை சத்தத்தில் இருக்கிறது.

டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு, அதைத் தாண்ட வழியில்லை. தன் பாட்டு மற்றவர் பாட்டை விடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மெல்லிய பகுதிகளையெல்லாம் அந்த வரம்பை நோக்கித் தூக்குவார்கள். தூக்கத் தூக்க, டிரம் அடியின் கூர்முனை வரம்பில் மோதித் தட்டையாகும். தட்டையான இடத்தில் கரகரப்பு பிறக்கும். டெத் மாக்னெட்டிக்கில் இதைக் கணக்கில்லாமல் செய்துவிட்டார்கள். 'தி டே தட் நெவர் கம்ஸ்' மெதுவாகத் தொடங்கி வேகம் எடுக்கும் பாட்டு. வேகம் எடுக்கும்போது ஒலியும் பெரிதாக வேண்டும் இல்லையா? ஆவதில்லை, கரகரப்பு மட்டும் கூடுகிறது. இங்கே காவடி ஊர்வலத்தில் உருமி மேளத்துக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக நடந்தாலும் அலுக்காது, இரண்டு அடிக்கு நடுவில் காது மூச்சு விட்டுக்கொள்ளும். டெத் மாக்னெட்டிக்கில் அந்த மூச்சு இல்லை. நான்காவது பாட்டுக்குள் எனக்குத் தலை கனத்துவிடும்.

இது என் காதின் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி உண்டு. ஆல்பம் வந்த அதே சமயம் 'கிட்டார் ஹீரோ 3' வீடியோ விளையாட்டுக்கும் இந்தப் பாட்டுகளைக் கொடுத்தார்கள். விளையாட்டுக்குப் போனவை கருவிகளின் தனித்தனி டிராக்குகள், அந்த நசுக்கல் அதில் இல்லை. கேட்ட ரசிகர்கள் சிடியை விட விளையாட்டிலேயே பாட்டு நன்றாக இருக்கிறதே என்று கொதித்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மிக்ஸ் முடிந்த பதிவுக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் வேலையைச் செய்த டெட் ஜென்சனும், தன் கைக்கு வரும்போதே ஒலி நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்குப் பதில் எழுதினார். உல்ரிக் மட்டும் ஆல்பத்தின் ஒலியை ஆதரித்தே பேசினார்.

நசுங்கிய முனையை வீட்டில் யாராலும் மீட்க முடியாது. வால்யூமைக் குறைத்தால் கரகரப்பும் சின்னதாகுமே தவிர போகாது. கீழ்ச்சுருதியை ஏற்றினால் இன்னும் குழம்பும். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஜஸ்டிஸுக்கு நேர் எதிர் இது. அங்கே நல்ல ஸ்பீக்கருக்குச் செலவழித்த காசுக்குப் பலன் உண்டு.

அப்புறம், அந்தச் சத்தத்தால் கிடைத்த ஒரே லாபமும் இப்போது போய்விட்டது. பாட்டு கேட்கும் செயலிகளில் பல, எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. அதிகச் சத்தமாகச் செய்ததைக் கீழே இறக்கிவிடும். போனில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சத்தம் சமமாக வரும், ஜஸ்டிஸின் டிரம் முன்னால் எழுந்து நிற்கும், டெத் மாக்னெட்டிக்கின் டிரம் படுத்துக்கிடக்கும்.

டெத் மாக்னெட்டிக் ஜெயிக்கும் ஓர் இடமும் உண்டு, அது கார். டர்பன் புழுக்கத்தில் ஜன்னலை இறக்கிவிட்டு ஹிக்கின்சன் ஹைவேயில் போகும்போது ஜஸ்டிஸின் மெல்லிய பகுதிகள் காற்றில் போய்விடும், டெத் மாக்னெட்டிக் ஒரு சொல் விடாமல் கேட்கும். கேட்பது முழுக்கக் காரில்தான் என்றால் அதையே வாங்கிக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன்.

2015-இல் ஐட்யூன்ஸுக்கென்று டெத் மாக்னெட்டிக்கைத் திரும்ப மாஸ்டர் செய்து வெளியிட்டார்கள். நசுக்கல் அதில் குறைவு. அதை நான் போனிலும் சின்ன இயர்போனிலும்தான் கேட்டிருக்கிறேன், சிடியை விட நன்றாகவே இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் கேட்காமல் அதற்கு மேல் சொல்வது சரியில்லை. இசைத்தட்டு வடிவங்களைப் பற்றியும் பேச மாட்டேன், என்னிடம் தட்டுக் கருவி இல்லை. ஜஸ்டிஸின் 2018 ரீமாஸ்டர் என்னிடம் இருக்கிறது. அதில் பேஸைத் தூக்கிவிட்டிருப்பார்கள் என்று ஆசைப்பட வேண்டாம், மிக்ஸிங்கை அப்படியே வைத்துவிட்டார்கள்.

மேடையில் கேட்டதையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் அவர்கள் கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வாசித்தார்கள். டர்பனுக்கு வரவில்லை, அதனால் ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் ஏறிப் போனோம். அங்கே 'ஒன்' பாட்டில் ட்ரூஹீயோவின் பேஸ் நெஞ்சில் இடித்தபோது, சிடியில் என்ன இல்லை என்பது தெரிந்தது. நியூஸ்டெட்டுக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அதே பாட்டைப் போட்டால் அந்தப் பேஸை மனசுக்குள்ளேயே சேர்த்துக் கேட்க முடிகிறது, இடம் இருப்பதால். டெத் மாக்னெட்டிக்கில் எதையும் சேர்க்க இடமில்லை.

வாங்குவதற்கு இரண்டு வார்த்தை. 2021-இல் சிடி விற்ற மியூசிகா கடைகளை மூடிய பிறகு புது சிடியை ஊரில் தேடுவது வீண், பழைய சிடிதான் வழி. ஜஸ்டிஸில் பழைய பதிப்பே போதும், ரீமாஸ்டருக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வாங்குமுன் சிடியின் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பாருங்கள், இங்கே கடலோர ஈரத்தில் உள்ளே இருக்கும் தாள் ஒட்டிப்போயிருக்கும், அதையும் பிரித்துப் பாருங்கள். டெத் மாக்னெட்டிக் மேல் ஆசை போகவில்லை என்றால் 2008 சிடியைத் தொடாதீர்கள், 2015 வடிவத்தைத் தேடிக் கேளுங்கள்.