ஈ-வே பில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

வேலந்தாவளத்தில் புதிதாகக் கொப்பரை வியாபாரம் தொடங்கப்போகிற தம்பி ஒருவன், "ஏனுங்ணா, இந்த ஈ-வே பில் நல்லா ஓடுதுங்களா, தொந்தரவு ஏதும் உண்டுங்களா?" என்று கேட்டான். போனில் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. நான் கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. காங்கேயத்தில் கொப்பரை வாங்கி, அங்கிருந்தே லாரி ஏற்றி, திருச்சூர்ப் பக்கத்து எண்ணெய் மில்களுக்கு அனுப்புவது தொழில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கென்றால் அரசு இணையதளத்தில் இந்த மின்னணுப் போக்குவரத்துச் சீட்டைப் போட வேண்டும், அதன் பார்ட் ஏ-வில் சரக்கு விவரம், பார்ட் பி-யில் வண்டி எண் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதை விடுவோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரிய நல்லது. வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை இப்போது இருபது வயதில் இருக்கிற டிரைவர்கள் பார்த்ததில்லை. ஒரு முத்திரைக்காக ராத்திரி முழுக்க வண்டி நிற்கும், டிரைவர் பேட்டா ஏறும், மழை பெய்தால் தார்ப்பாயைத் தாண்டித் தண்ணீர் இறங்கிக் கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்தச் சாவடிகள் ஒழிந்தன. அப்புறம் 2018 பிப்ரவரி 1 அன்று ஈ-வே பில் தொடங்கி, அன்றைக்கே தளம் சுமை தாங்காமல் படுத்துவிட்டது, தள்ளி வைத்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1 முதல் ஒழுங்காக வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை கோபாலபுரம் வழியாக வரும் என் வண்டி வரிக் காகிதத்துக்காக எல்லையில் காத்துக்கிடந்தது இல்லை. கம்ப்யூட்டர் வந்ததால் கிராமத்து வியாபாரிக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், முழு மனதோடு சொல்வேன்.

2025 ஏப்ரலிலிருந்து சிறிய வியாபாரிகளுக்கும் அந்தத் தளத்துக்குள் நுழைய ஓடிபி கட்டாயம் என்றார்கள். பலர் அதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. எஸ்எம்எஸ் வரத் தாமதமானால் தளத்தை நடத்தும் அரசுக் கணினி மையமான என்ஐசி-யின் ஜிஎஸ்டி ஷீல்டு செயலியைப் போட்டுக்கொண்டால் போதும், எண் அதிலேயே வந்துவிடும். கணக்குப்பிள்ளைக்குத் தனியாகத் துணைக் கணக்கு திறந்து கொடுத்துவிட்டால் நம் போனுக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னை இத்தனை வருடமாக வாட்டுவது ஒன்றே ஒன்றுதான், இந்தப் பில்லின் ஆயுள்.

கணக்கு இதுதான். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள். முன்னே 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் இருந்தது, 2021-இல் மாற்றினார்கள், அதாவது வண்டி இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று. வண்டி எண் போட்ட நாளுக்கு மறுநாள் நள்ளிரவோடு அந்த ஒரு நாள் முடியும். காங்கேயம் சந்தையில் சனிக்கிழமை லோடு ஏறுகிறது, எங்கள் தூரம் ஒரு நாளுக்குள்தான் அடங்கும், ஆக ஞாயிறு நள்ளிரவு பில் செத்துவிடும். மில்லில் ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கும் சுமட்டுக்காரர்கள் வரமாட்டார்கள், எடைமேடை பூட்டிக் கிடக்கும். வண்டி சனி ராத்திரியே போய் மில் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கும். திங்கள் காலை லோடு இறக்கும்போது கையில் இருப்பது காலாவதியான பில். இதில் யாரும் வரி ஏய்க்கவில்லை, யாரும் சோம்பி இருக்கவும் இல்லை. வாரம் என்பது ஏழு நாள், அதில் ஒரு நாள் விடுமுறை, இதுகூட அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை.

நீட்டிக்கலாமே என்பார்கள். நீட்டிக்கலாம், காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் மட்டும். ஆக ஞாயிறு மாலை நான்கிலிருந்து திங்கள் காலை எட்டுக்குள். காரணம் கேட்கும்: இயற்கைச் சீற்றமா, சட்டம் ஒழுங்கா, விபத்தா, வண்டி மாற்றமா. ஹர்த்தால் என்றால் சட்டம் ஒழுங்கில் சேர்க்கலாம், சரி. மில் விடுமுறைக்கு 'மற்றவை'தான். அதைவிட மோசம், நீட்டிக்கும் உரிமை அந்த நேரத்தில் வண்டியை ஓட்டுகிற டிரான்ஸ்போர்ட்டருக்கு மட்டுமே. காங்கேயத்துக்காரர் பில்லில் லாரி புக்கிங் ஆபீஸின் ஐடியைப் போட்டுவிட்டால், சரக்குக்குப் பணம் கொடுத்த நான் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு வேடிக்கைதான் பார்க்கலாம். புக்கிங் ஆபீஸ்காரர் ஞாயிறு மாலை கல்யாண வீட்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.

போகட்டும், ஒருநாள் தாமதம்தானே என்று விட முடியாது. கொப்பரைக்கு ஐந்து சதவீத வரி. பத்து லட்ச ரூபாய்ச் சரக்கென்றால் வரி ஐம்பதாயிரம். வழியில் பிடித்தால் சட்டப்படி அதில் இருமடங்கு, ஒரு லட்சம் அபராதம் கேட்கலாம், அதைக் கட்டும்வரை வண்டியும் நிற்கும். பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறிப்போனது போன்றவற்றுக்கு மொத்தம் ஆயிரம் ரூபாயோடு விடலாம் என்று 2018-இலேயே சுற்றறிக்கை வந்தது. காலாவதி அந்தப் பட்டியலில் இல்லை.

தெலங்கானாவில் ஒரு காகித வியாபாரிக்கு இதேதான் நடந்தது. 2020 ஜனவரி 4, சனிக்கிழமை. ஊர்வலத்தால் போக்குவரத்து நின்று, கடை மூடிய பிறகுதான் வண்டி போய்ச் சேர்ந்தது, மறுநாள் ஞாயிறு, திங்கள் கொண்டுபோகும்போது பிடித்தார்கள், 69,000 ரூபாய் வாங்கினார்கள். உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் செலவுத்தொகை பத்தாயிரமும் விதித்தது. அரசுத் தரப்பு விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் அங்கே மனுவைத் தள்ளி, மேலும் 59,000 கட்டச் சொன்னார்கள். பில் காலாவதி ஆனதை மட்டும் வைத்து வரி ஏய்க்கும் எண்ணம் இருந்தது என்று ஊகிக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு லோடு கொப்பரைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக எங்களில் எத்தனை பேரால் முடியும்?

கேட்பது பெரிதில்லை. ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராமல் இருக்கட்டும். அது முடியாதென்றால் சரக்கு வாங்குகிறவனும் நீட்டிக்கலாம் என்று வையுங்கள். விடுமுறைப் பட்டியல் அரசிடமே இருக்கிறது, வெளியே தேட வேண்டியதில்லை.

தம்பி, இந்த முறையை ஒழித்துப் பழைய சாவடியைக் கொண்டு வரலாமா என்று கேட்டால் கூடவே கூடாது என்பேன். ஆனாலும் இன்றைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு நாலுதான், அதற்கு மேல் கை வரவில்லை, போன வாரமும் ஞாயிறு ராத்திரி தூங்கவில்லை. நீ தொடங்கும்போதே காங்கேயத்துக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு: லாரி ஆபீஸ் ஐடி போட வேண்டாம், வண்டி எண் மட்டும் போடட்டும், அப்போது பில் போட்டவரே நீட்டிக்கலாம். சனிக்கிழமை ஏற்றினாலும் பார்ட் பி-யை வண்டி கிளம்பும்போது போட்டால் போதும், ஆயுள் அப்போதுதான் ஓடத் தொடங்கும். லாரிக்காரர் சம்மதித்தால் வண்டியை ஞாயிறு ராத்திரி கிளப்பு, காத்திருப்புக் கூலி கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாலும் பரவாயில்லை.