பிஜியின் கரும்பு மழை முன்னோக்கு: ஒரு பழைய தோட்டக் கிராணியின் மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பவனுக்குப் பிஜித் தீவின் மழையோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது அந்நாட்டின் பா நகரத்தை அடுத்த ஒரு கரும்புக் குடும்பத்தில். பிஜி வானிலைச் சேவை கரும்பு விவசாயிகளுக்கென்று வெளியிடும் மழை முன்னோக்கு அறிக்கையை அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நீங்கள் தோட்டத்தில் மழைக் கணக்கு எழுதியவர்தானே, இது எங்களுக்கு மழை உண்டு என்கிறதா, இல்லை என்கிறதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அதை விடாமல் படித்து வருகிறேன். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் சேவைதான் என்றாலும், அதை நம்பிக் கடன் வாங்கி உரம் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் கறாராகவே மதிப்பிட வேண்டும்.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக இருந்தேன். செம்பு மழைமானியில் விழுந்ததை விடியற்காலையில் அளந்து ஏட்டில் எழுதுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ரப்பர் காலத்தில் பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது; வெட்டினாலும் பால் கோப்பைக்கு வராமல் மரத்தின் மேலேயே வழிந்துவிடும்; பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். செம்பனைக்கு மாறிய பிறகு அதே ஏட்டின் பயன் வேறாகிவிட்டது. ஒரு வறட்சியின் விளைவு குலைகளின் எண்ணிக்கையில் தெரிய ஓராண்டும் ஆகும், இரண்டாண்டும் ஆகும் என்பதால், பழைய பக்கங்களைப் புரட்டாமல் இந்த ஆண்டு விளைச்சல் ஏன் விழுந்தது என்று தோட்ட நிர்வாகியான துரைக்குப் பதில் சொல்ல முடியாது.

பிஜி அறிக்கையில் முக்கியமானது ஒரு சிறிய அட்டவணை. வரும் மூன்று மாதங்களில் பெய்யும் மொத்த மழை வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு, வழக்கத்தை ஒட்டி இருக்க எத்தனை, மிகுதியாக இருக்க எத்தனை என்பதை அது சொல்கிறது. இந்த மூன்று கூறுகளும் எப்படிப் பிறக்கின்றன என்பது புரிந்தால்தான் அறிக்கை புரியும். ஓர் இடத்தின் முப்பது ஆண்டு மழை அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, பத்துப் பத்தாக மூன்றாக வெட்டினால், முதல் பத்து 'குறைவு', நடுப் பத்து 'வழக்கம்', கடைசிப் பத்து 'மிகுதி'. வேறு எந்தத் தகவலும் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33 விழுக்காடு. ஆகவே அட்டவணையில் 'குறைவு' என்பதற்கு நேராக 50 என்று இருந்தால், அது வறட்சி வரும் என்னும் வாக்கு அன்று. அக்காள் மகளின் கணவர், "பாதிக்குப் பாதி என்றால் நாணயத்தைச் சுண்டிவிட்டே பார்க்கலாமே" என்று சிரித்தார். மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டிய வாய்ப்பு இரண்டில் ஒன்றாக ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி என்றும், ஒரே ஆண்டில் அது பலிக்கவில்லையே என்று அறிக்கையைத் தூக்கிப் போடக் கூடாது என்றும் அவருக்கு விளக்க எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. குறை அவருடையது அன்று; விழுக்காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நான்கு வரிகள் அட்டவணைக்கு மேலேயே இருந்தால் எவ்வளவோ நல்லது.

மழையைச் சர்க்கரை ஆலைப் பகுதிவாரியாகப் பிரித்துச் சொல்வதை நான் மிகவும் மெச்சுகிறேன். பிஜி சிறிய நாடுதான். ஆனால் வித்தி லெவு தீவின் நடுவே மலைகள் நிற்பதால், தென்கிழக்கு வணிகக் காற்று சுமந்துவரும் ஈரத்தைக் கிழக்குப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. கிழக்கிலுள்ள சுவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும்போது, மேற்கிலுள்ள நாண்டியின் சராசரி 2,000 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. கரும்பு நிற்பதோ இந்த மழை மறைவுப் பக்கத்தில்: லவுடோக்கா, ராராவை, ராக்கிராக்கி, பிறகு வனுவா லெவு தீவின் லம்பாசா. நாடு முழுவதற்கும் ஒரே வரியில் 'நல்ல மழை' என்று சொன்னால் சுவாக்காரருக்குக் குடை வாங்க உதவும், கரும்புக்காரருக்கு ஒன்றுக்கும் உதவாது. (ராக்கிராக்கி ஆலையின் பெயர் பினாங்! முதலில் பார்த்தபோது நம் ஊர் எப்படி அங்கே போனது என்று திகைத்தேன். 2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயலுக்குப் பிறகு அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.)

முன்னோக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? பசிபிக் கடல் பேசும்போது நம்பலாம், அது மௌனமாக இருக்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென் பசிபிக் குவிமண்டலம் என்னும் நீண்ட மேகப் பட்டை வடகிழக்காக நகர்ந்துவிடுவதால் பிஜிக்கு மழை குறைகிறது. 1997-98 வறட்சியில் கரும்பு கருகியது அப்படித்தான். அதே கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா ஆண்டுகளில் மழை பெரும்பாலும் மிகுதி. இத்தகைய ஆண்டுகளில், நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்காலத்தைப் பற்றி அக்டோபரில் வரும் அறிக்கையை நான் கவனமாகப் படிப்பேன். மார்ச் முதல் மே வரை வரும் அறிக்கைகள், எல் நினோவின் அடுத்த போக்கைப் பொறுத்தவரை வலுவற்றவை. எந்த நாட்டு நிபுணருக்கும் அந்த மாதங்களில் பசிபிக்கின் மனம் எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே விழுக்காட்டைப் பார்ப்பவர்கள், அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் கணிப்புமுறை முன்பு எவ்வளவு பலித்தது என்னும் தரக்குறிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதனால் முடியாதது ஒன்று உண்டு. மூன்று மாத மொத்தத்தை வைத்து, அது எத்தனை நாளில் பெய்யும் என்று சொல்ல இயலாது. ஜூன் வாக்கில் அரவை தொடங்கியபின், வெட்டிய கரும்பை லாரியில் ஏற்ற உலர்ந்த பாதை வேண்டும். வழக்கமான மழையே வாரக்கணக்கில் தூறினால் வேலை கெடும், இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம். 2012-இல் ஜனவரியிலும் மார்ச் இறுதியிலும் நாண்டியும் பாவும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாட்களுக்கு அன்றாட எச்சரிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கும் இதுபோல் ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இங்கே மதியத்துக்குமேல் எழும் இடிமழை தோட்டத்தின் ஒரு பிரிவை, அதாவது ஒரு டிவிஷனை, நனைத்து அடுத்த டிவிஷனை விட்டுவிடும். எல் நினோவின் சுவடும் பிஜியில் தெரிவதுபோல் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. எனவே ஒப்பிடுவது நியாயமாகாது. பிஜிக்காரர்களின் அறிக்கைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று, விளக்க வரிகள் இல்லாததற்காக.

அறிக்கையில் தரும் 'வழக்கம்' வானிலை நிலையத்தின் வழக்கம், உங்கள் வயலின் வழக்கம் அன்று என்று சொல்லி, அக்காள் மகளை ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கிக் கரும்புக்கு வெளியே திறந்த இடத்தில் நடச் செய்தேன். அந்நாட்டு வழக்கப்படி காலை 9 மணிக்கு அளக்க வேண்டும், ஞாயிறும் விலக்கில்லை என்று சொல்லியிருந்தேன். முதல் மாதத்து ஏட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு காலியாக இருந்தன. அவற்றை அடுத்த திங்கட்கிழமைகளில் மட்டும் மழை வெகு தாராளமாகப் பெய்திருந்தது.