ரேடியோ ஜோவ் கிட்: வியாழன் காதில் விழுந்த கதை

வியாழன் கோளிலிருந்து வரும் ரேடியோ அலையின் சத்தத்தைக் கடைசியில் கேட்டே விட்டேன். தை மாதம், இரவு பன்னிரண்டரை மணி, மொட்டை மாடியில் கொசுக்கடி. ஹெட்ஃபோனில் வெறும் இரைச்சல் மெல்ல ஏறி இறங்கியது, திருச்செந்தூர்க் கரையில் அலை வந்து விழுவது மாதிரி. ஆறு நிமிடம், அவ்வளவுதான்.

ரேடியோ ஜோவ், வியாழனின் ரேடியோ அலைகளை நம்மைப் போன்றவர்களும் கேட்க நாசாவின் ஆதரவில் 1998-இல் தொடங்கிய திட்டம். நான் வாங்கியது அதன் பழைய ரிசீவர், செகண்ட் ஹேண்ட், பிரிக்காத பெட்டி. 20.1 மெகாஹெர்ட்ஸை மட்டும் பிடிக்கும். பாகங்களை நாமே சால்டர் வைக்க வேண்டும். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஆன்டெனாதான் வேலை வாங்கும். ஒவ்வொன்றும் சுமார் 7 மீட்டர் நீளத்தில் இரண்டு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா. தூக்கிக் கட்டும் கம்பம் கிட்டில் வராது. பிவிசி பைப்பை வைத்துச் சமாளித்தேன். அமெரிக்காவில் வியாழன் தெற்கே சாய்ந்து போகும் என்பதால், ஆன்டெனாவின் பார்வையையும் சாய்க்க ஒரு துண்டுக் கேபிள் சேர்ப்பார்கள். நான் கேட்ட சமயம் மிதுனத்தில் இருந்த வியாழன் நமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே போனது. கேபிளைத் தொடவே இல்லை.

முதல் தடவை ஆவலாகக் கேட்டது ஐப்பசி மின்னல். இரண்டாவது தடவை, ஏதோ ஓர் எல்இடி பல்பு. மெயினை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிய பிறகுதான் அமைதி. (ஃபிரிட்ஜில் இருந்த மாவு புளித்ததைப் பற்றி வீட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை.)

நேரம் பார்த்து உட்காராவிட்டால் காசு தண்டம். ஏனென்றால் இந்தச் சத்தத்தில் வியாழனைச் சுற்றும் அயோ என்ற நிலாவும் கூட்டு. அதன் எரிமலைகள் கக்கும் கந்தகமும் ஆக்சிஜனும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு டன் வீதம் மின்னேற்றம் பெற்று வியாழனின் காந்தப்புலத்தில் சேர்கின்றன. கோளோடு சேர்ந்து அந்தப் புலம் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், அயோவுக்கோ 42.5 மணி நேரம். புலம் அயோவை உரசி முந்தும்போது டைனமோ மாதிரி மின்சாரம் பிறக்கிறது. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டபடி துருவப் பக்கம் பாய்ந்து ரேடியோ அலையைக் கிளப்புகின்றன. அலை கூம்பாகத்தான் கிளம்பும். வியாழனும் அயோவும் வாகாகத் திரும்பியிருந்தால்தான் நம் பக்கம் வரும். கணிப்பு அட்டவணை பார்த்து அலாரம் வைத்தும் ஆறு இரவில் ஒன்றுதான் பலித்தது.

வியாழனின் இன்னொரு வகைச் சத்தமான, சோளம் பொரிவது போல் படபடவென்று வரும் எஸ் பர்ஸ்ட் இன்னும் சிக்கவில்லை. பையனுக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள், அவன் நடுராத்திரியில் எழுவானா என்று முதலில் பாருங்கள்.