குறுவள மையக் கூட்டமா, நோட்டோடு நேரில் உட்காருவதா?

தொடக்கப்பள்ளி 5-ஆம் வகுப்போடு முடிகிறது. 6-க்குப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகிறது. இரு பக்க ஆசிரியர்களும் பாடத்தொடர்ச்சியைப் பேச எது தோது: பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டமா, இருவர் பிள்ளையின் நோட்டை வைத்து நேரில் உட்காருவதா?

நேரம்: கூட்டத்துக்கு ஒரு நாள் போய்விடும். நேரில் என்றால் சாயங்காலம் ஒரு மணி நேரம், டீச்செலவு.

ஆழம்: கூட்டத்தில் "பின்னத்தில் வீக்" என்பதோடு சரி. நோட்டைத் திறந்தால்தான் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருப்பது தெரியும். தொடக்கப்பள்ளியில் தோசையை வெட்டிக் காட்டிய பாடத்தை 6-இல் நேராக மீ.சி.ம.வில் (மீச்சிறு பொது மடங்கு) தொடங்கினால் பிள்ளை என்ன செய்யும்?

நீடிப்பு: பணிமாறுதல் வந்தால் நேர்ப்பழக்கம் அறுந்துவிடும். கூட்டம் நிற்காது.

2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் வந்த, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் 'எண்ணும் எழுத்தும்' போன்ற புதுத் திட்டத்தை எல்லாருக்கும் சொல்லக் கூட்டம்தான் சரி. ஒரே பாடத்தில் இடறல் என்றால் என் ஓட்டு நோட்டுக்கு.