ஹோம்ஸ்கூல் கண்காட்சியில் உயிரியல் பாடத்தொகுப்பு வாங்கப்போகும் டெக்சாஸ் பெற்றோருக்கு

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்தொகுப்புகளைப் பெற்றோர் தேடத் தொடங்கும் நேரம் இது. சென்ற ஆண்டு ஒரு ஹோம்ஸ்கூல் கண்காட்சியில், நடுநிலை வகுப்புக்கான உயிரியல் தொகுப்பு ஒன்றை எங்களிடம் பொய் சொல்லி விற்றார்கள். அதே தொகுப்பு இந்த ஆண்டும் விற்பனைக்கு வருவதால் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயதான என் மகனுக்குக் கணக்கில் இருக்கும் விருப்பம் அறிவியலில் இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளைத் தெளிவாகக் கேட்டோம்: ஆர்வமில்லாத பிள்ளையையும் ஈர்க்கும் செய்முறைகள் இருக்கின்றனவா, பரிணாமம் முழுமையாகக் கற்பிக்கப்படுகிறதா? இரண்டுக்கும் தயங்காமல் ‘ஆம்’ என்றார். தேசியத் தரநிலைகளுக்கு முழுவதும் பொருந்துவது என்றும், நுண்ணோக்கியில் கண்ணாடி வில்லைகள் என்றும் துண்டறிக்கையில் அச்சிட்டே கொடுத்தார்கள். விலை ஏறத்தாழ 400 டாலர்.

தேசியத் தரநிலைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை, 2013ஆம் ஆண்டு வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள். அவை உயிரியலை நான்கு மையக் கருத்துகளாகப் பிரிக்கின்றன. அவற்றில் நான்காவது முழுவதும் பரிணாமம்தான். எங்களுக்கு வந்த புத்தகத்திலோ தகவமைப்பைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. இயற்கைத் தேர்வு, தொல்லுயிர் எச்சங்கள், பொது மூதாதை எதுவுமே இல்லை. கேட்டபோது, எல்லா மதத்துக் குடும்பங்களும் வாங்குவதற்காக ‘நடுநிலை’யோடு எழுதப்பட்டது என்றார்கள். இந்தச் சந்தையில் அப்படி விற்கப்படும் பல தொகுப்புகளில் பரிணாமமும் பூமியின் வயதும் ஓசையின்றி விடப்பட்டிருக்கும். பிள்ளை பின்னாளில் ஏ.பி. உயிரியல் (உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) எடுத்தால், அதன் நான்கு பெருங்கருத்துகளில் முதலாவதாக நிற்பது பரிணாமம். அதற்கான அடித்தளம் இல்லாமலேயே அவன் அந்த வகுப்புக்குள் நுழைய நேரும்.

நுண்ணோக்கியின் கதை இன்னும் வேதனையானது. பெட்டியின் மேல் ‘1200 மடங்கு’ என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். 40 மடங்குப் பொருளருகு வில்லையின் துளை எண் (ஒளியைச் சேகரித்து நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனின் அளவு) வழக்கமாக 0.65, பயனுள்ள உருப்பெருக்கம் அதைப்போல் ஆயிரம் மடங்கை, அதாவது 650ஐத் தாண்டாது. அதற்கு மேல் மங்கல்தான் பெரிதாகும். இதிலோ வில்லைகளே பிளாஸ்டிக். கன்னத்தின் உட்புறச் செல்களைக் குச்சியால் வழித்தெடுத்து, மெத்திலீன் நீலத்தால் சாயமேற்றி, உட்கருவைப் பார்த்து வரைய வேண்டும் என்பது பாடம். என் மகன் கண்டது வானவில் விளிம்பு கட்டிய சாம்பல் நிறக் கறை மட்டுமே. குவியத் திருகு, கையை எடுத்தவுடன் தானாகக் கீழே இறங்கியது. “அம்மா, புத்தகத்துல இருக்கிற படத்தைப் பார்த்தே வரைஞ்சிடட்டுமா?” என்று கேட்டான். ஏற்கெனவே ஆர்வமில்லாத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கெடுதலை யாரும் செய்துவிட முடியாது. பிறகு நண்பர் வீட்டுக் கண்ணாடி வில்லை நுண்ணோக்கியில், 400 மடங்கில், அதே கண்ணாடித் தகட்டை வைத்தோம். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் அடர்நீலப் புள்ளி தெரிந்ததும், தன் தங்கையின் செல்லையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டான். குறை பிள்ளையிடம் இல்லை என்பது அன்று எங்களுக்கு உறுதியானது.

மற்ற ‘செய்முறைகள்’ காணொளியைப் பார்த்துவிட்டுக் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள்களே.

பெட்டி திறக்கப்பட்டுவிட்டது, இணைய அனுமதி தொடங்கிவிட்டது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித்தர மறுத்தார்கள். மாநாட்டு மண்டபம், விடுதி அரங்கு போன்ற தற்காலிக இடங்களில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கினால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுவரை ரத்துசெய்யும் உரிமையைக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி தருகிறது. அதை வாய்மொழியாகச் சொல்லி, ரத்துப் படிவத்தின் இரண்டு படிகளையும் தர வேண்டியது விற்பவரின் கடமை. எங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. ஆகவே கடன் அட்டை வங்கிக்கு எழுத்துமூலம் முறையிட்டோம். ஒப்புக்கொண்டபடி பொருள் வந்துசேரவில்லை என்றால், அந்தத் தொகையைக் காட்டும் முதல் அட்டைக் கணக்குப் பட்டியல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இப்படி எழுதலாம். துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்ததால் நுண்ணோக்கிக்கான தொகை மட்டும் திரும்பக் கிடைத்தது.

டெக்சாஸில் வீட்டுக்கல்விப் பாடநூல்களை அரசு சரிபார்ப்பதில்லை. 1994ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதிசெய்த கட்டாயப் பாடங்களில் அறிவியலே கிடையாது. ஆகவே முழுப் பொருளடக்கத்தையும், பரிணாமப் பாடத்தின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே பணம் கொடுங்கள். காட்ட மறுத்தால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள். நுண்ணோக்கியைத் தனியாக வாங்குங்கள். சி.கே-12 அமைப்பின் நடுநிலை வகுப்பு உயிரியல் நூலும், ஓப்பன்சைஎட் பாட அலகுகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என் மகன் இப்போது படிப்பது இரண்டாவதை.