சுதந்திர சதுக்கமும் வெளிநாட்டு டிக்கெட்டும்

போன ஓகஸ்ட் பிள்ளையளின்ர லீவுக்கு ரொறன்ரோவில இருந்து போனம், யாழ்ப்பாணம் போகமுதல் நாலு நாள் வெள்ளவத்தையில அம்மாவோட. நான் 1998 இல விசாவுக்குக் காத்துக்கொண்டு அதே வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில எட்டு மாசம் இருந்தனான், ஆனா சுதந்திர சதுக்கப் பக்கம் ஒருநாளும் போகேல்லை. பொலிஸ் பதிவுத் துண்டையும் ஐசி எண்ட அடையாள அட்டையையும் சேர்ட் பொக்கற்றில வச்சுக்கொண்டு பாண் வாங்கிக்கொண்டு வாறதே பெரிய பாடு, அதுக்குள்ள சதுக்கம் இருக்கிற கறுவாத்தோட்டம் சுத்திப் பாக்க ஆர் போறது.

எயார்போட்டில சிம் வாங்காதை எண்டு அம்மா போனில சொன்னவா, கேக்கேல்லை, பிறகு காலி வீதிக் கடையில பாத்தா பாதி விலை. ஹைவே மட்டும் சொல்லவேணும், 2013 இல திறந்தது, கட்டுநாயக்காவில இருந்து பேலியகொடைக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை, அதுக்குப் பிறகு கொழும்பு ட்ராபிக் பழைய ட்ராபிக்தான். ஓட்டோவுக்கு ஆப்பில புக் பண்ணுங்கோ. ரோட்டில நிண்டவர் எங்கட சப்பாத்தைப் பாத்திட்டு ஆயிரம் எண்டார், அம்மா சிங்களத்தில ரெண்டு வசனம் சொல்ல ஐந்நூறுக்கு வந்தார்.

வெயில் எண்டபடியா முதல்ல தேசிய மியூசியம். 1877 இல திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னுக்குப் பெரிய ஆலமரம். டிக்கெட் கவுண்டரில உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு விலை. அம்மா விடேல்லை, "இவன் இஞ்ச பிறந்த பிள்ளை" எண்டு வாதாடத் தொடங்கீட்டா. நானும் பேர்ஸைத் திறந்து பழைய ஐசியை எடுத்தன், ஒன்பது இலக்கமும் ஒரு வி எழுத்தும் இருக்கிற அந்தக் காலத்து அட்டை, ஓரத்தில பிளாஸ்ரிக் பிரிஞ்சு, படத்தில மீசை முளைச்சும் முளைக்காத நான். பிறந்த இடத்தைப் பாத்துப்போட்டு எத்தினை சென்றியில (சோதனைச் சாவடியில) என்னை ஓரமா நிக்க வச்சவங்கள். கவுண்டரில இருந்த பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு நல்ல தமிழில கேட்டா, "இப்ப எந்த நாட்டுப் பாஸ்போட் அண்ணை?" பொய் சொல்ல வரேல்லை. கனடா எண்டன். எனக்கும் மனிசிக்கும் வெளிநாட்டு டிக்கெட், அம்மாவுக்கு உள்ளூர் டிக்கெட். அந்தப் பிள்ளையில பிழை இல்லை, மரியாதையாத்தான் கதைச்சவா.

உள்ளுக்குக் கண்டி ராசாவின்ர சிம்மாசனம் இருக்கு, 1693 இல ஒல்லாந்தர் குடுத்தது. வெள்ளைக்காரர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1934 இலதான் திருப்பித் தந்தவை, கொண்டுவந்தவர் குளோஸ்டர் கோமகன். அதே ஆள்தான் 1948 பெப்ரவரியில திரும்பவும் வந்து, டொரிங்டன் சதுக்கம் எண்டு அப்ப பேர் இருந்த இடத்தில முதல் பாராளுமன்றத்தைத் திறந்து வச்சவர். அந்த இடத்திலதான் இப்ப சுதந்திர சதுக்கத்தின்ர நினைவு மண்டபம்.

நாலரைக்கு அங்க போனம். மண்டபத்துக்கு டிக்கெட் இல்லை. சுவர் இல்லாத பெரிய கூரை, வரிசையாத் தூண், சுத்திவரச் சிங்கங்கள், முன்னுக்கு முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா சிலை. கண்டி ராசாக்களின்ர அரசவை மண்டபமான மகுல் மடுவ மாதிரிக் கட்டினது, அங்க மரத்தூண், இங்க கொங்கிறீற். 1815 மார்ச் 2 அண்டு கண்டியை வெள்ளைக்காரருக்கு எழுதிக் குடுத்தது அந்த மகுல் மடுவவிலதான். நாட்டைக் குடுத்த மண்டபத்தின்ர அச்சிலயே நாடு கிடைச்ச மண்டபத்தையும் கட்டியிருக்கினம், எனக்கு விசித்திரமாத்தான் பட்டுது. "அந்த ராசா என்னாச்சு?" எண்டு மகன் கேட்டான். கண்டியின்ர கடைசி ராசா, நாயக்கர் வம்சம், வேலூருக்கு நாடு கடத்தி 1832 இல அங்கயே செத்துப்போனார் எண்டன். "அவருக்கும் பாஸ்போட் மாறீட்டுது" எண்டான், அடிக்கவோ சிரிக்கவோ தெரியேல்லை.

பின்னேரம்தான் போகவேணும், தூணுக்குள்ளால நல்ல காத்து. கலியாணப் போட்டோ எடுக்கிற சோடிகள் மூண்டு, ஜொக்கிங் ஓடுற ஆக்கள், சிங்கத்தில ஏறினா விசில் ஊதுற கார்ட். டொய்லெட்டுக்குப் பக்கத்து ஆர்கேட்டுக்குப் போங்கோ, முந்தி மனநோயாளர் ஆஸ்பத்திரியா இருந்து பிறகு கந்தோராகி 2014 இல கடைகளாக்கினது, டொய்லெட் துப்புரவு, தேத்தண்ணி விலைதான் கனடா விலை.

அம்மா படியில இருந்து தன்ர உள்ளூர் டிக்கெட்டால விசுக்கிக்கொண்டிருந்தா. ஆறு மணிக்கு எழும்பிச் சீலையைத் தட்டிப்போட்டு மேல பாத்துக் கத்தினா, "துரைமார் இறங்குங்கோ, ஓட்டோ வந்திட்டுது."