விளிம்புப் பலகைக்கு எந்த மரம்?

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் என் அண்ணன் தூண்மேல் உயர்த்திய பலகை வீடு கட்டுகிறார். தரையைத் தாங்க 302 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ-விட்டங்களை எடுத்துவிட்டார். மேலும் கீழும் கட்டை, நடுவே மரச்சீவல்களைப் பசையோடு அழுத்திச் செய்த ஓஎஸ்பி என்னும் பலகையில் ஒரு மெல்லிய தகடு என்று தண்டவாளத்தைப் போலிருக்கும் விட்டங்கள் அவை. பேச்சு இழுபடுவது அவற்றின் முனைகளைச் சுற்றி மூடும் விளிம்புப் பலகையில்தான். கடைக்காரர் அதை ரிம் போர்டு என்கிறார். அண்ணனுக்கு அது ஒரு மூடி, அவ்வளவே.

மூடியாக மட்டும் இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் மேலே நிற்கும் சுவரும் கூரையும் தரும் பாரம், ஐ-விட்டத்தின் மெல்லிய தகட்டை நசுக்காமல் இந்தப் பலகை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. விட்டங்கள் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பதும், காற்று தள்ளும்போது தரையின் விசையைச் சுவருக்குக் கடத்துவதும் இதன் வேலையே.

அண்ணனின் முதல் ஆசை கெம்பாஸ் என்னும் உள்ளூர்க் கடின மரம். எங்கள் அப்பா தோட்டத்தில் தச்சராக இருந்தவர். செங்காலும் கெம்பாஸும் தவிர வேறு மரத்தை மதிக்கமாட்டார். பலத்தில் குறை சொல்ல இடமில்லை: மலேசியத் தரவிதி எம்எஸ் 544 கெம்பாஸை இரண்டாம் வலிமைப் பிரிவில் வைத்திருக்கிறது. சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. அறுப்பாலையிலிருந்து பச்சையாக வரும் மரம் காயும்போது உயரத்தில் சுருங்கும். ஈரம் நான்கு சதவீதப் புள்ளி குறைந்தால் மரம் ஒரு சதவீதம் சுருங்கும் என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு. 28-லிருந்து 16-க்கு வந்தால் 300 மில்லிமீட்டர் பலகையில் ஒன்பது மில்லிமீட்டர் போய்விடும். ஆலையிலேயே உலர்ந்து வரும் ஐ-விட்டம் அப்படிச் சுருங்காது. ஆகவே பலகை தாழ்ந்து, சுவரின் பாரம் முழுவதும் விட்டங்களின் முனைகளில் ஏறிவிடும். உறவினர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன்: ஓர் ஆண்டுக்குள் கதவு சிக்கியது, தரைப்பலகை சுவரோரம் முதுகு தூக்கியது. இறக்குமதியாகும் உலர்ந்த அறுப்பு மரமும் உதவாது. அதன் உயரம் 286 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் இடைவெளியைச் சீவல் வைத்து அடைப்பது வீட்டுக்குச் செய்யும் துரோகம்.

ஐ-விட்டத்தையே வெட்டி விளிம்பில் போடலாம் என்றார் கடைக்காரர். உயரம் பொருந்தும், தனியாக வாங்க வேண்டாம். ஆனால் அது மீட்டருக்குச் சுமார் 3,000 கிலோ தாங்கும் இடத்தில், 28 மில்லிமீட்டர் ஓஎஸ்பி விளிம்புப் பலகைக்கு அமெரிக்க மரப்பலகைத் தொழில் சங்கமான ஏபிஏயின் தரவிதி ஏறக்குறைய 6,500 கிலோ தருகிறது. தாழ்வாரத்தையும் இந்த விளிம்போடுதான் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், அதற்கு மெல்லிய தகடு போதாது. தீபாவளித் திறந்த இல்லத்தன்று அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, மெய்யான போட்டி ஓஎஸ்பிக்கும், எல்விஎல் என்னும் ஒட்டுமரப் பலகைக்கும்தான். ஓஎஸ்பி மலிவு. ஆணி அடித்தால் எளிதில் பிளக்காது, 28 மில்லிமீட்டர் பலகையில் அரை அங்குலத் திருகாணி ஒன்று தாழ்வாரச் சட்டத்தின் பாரத்தில் சுமார் 160 கிலோ ஏற்கும். வறண்ட ஊராக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். நம் ஊரில் பிற்பகல் மழை கட்டுமான இடத்தைச் சும்மா விடாது. நனைந்தால் ஓஎஸ்பியின் விளிம்பு தடித்து வீங்கும், காய்ந்த பிறகும் முழுமையாகப் பழைய தடிமனுக்குத் திரும்பாது. ஆலையில் பூசிய விளிம்புப் பூச்சு, நாம் வாளால் அறுத்த இடத்தில் இருக்காது. அங்கெல்லாம் மீண்டும் பூச வேண்டும். இதை எந்த வேலைக்காரர் மறக்காமல் செய்வார்?

எல்விஎல் என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒரே திசை இழையாக அடுக்கி ஒட்டியது. 44 மில்லிமீட்டர் தடிமனில், 302 மில்லிமீட்டர் உயரத்திலேயே கிடைக்கிறது. தடித்ததால் தாழ்வாரப் போல்ட்டுக்கு நன்றாகப் பிடிமானம் உண்டு. நனைந்தால் வளையக்கூடும், ஆனால் ஓஎஸ்பியைப் போல விளிம்பு ஊதாது. ஒரு குறை: விளிம்பில் நெருக்கமாக ஆணி அடித்தால் தகடுகளின் இழையோடு பிளக்கும், எனவே ஆணிகளுக்கு இடைவெளி விட வேண்டும். விலையும் அதிகம், மறைக்கவில்லை.

கறையானுக்கு இரண்டுமே இரைதான். செங்காலின் இயல்பான எதிர்ப்பு இவற்றில் இல்லை. பசையோடு பூச்சிமருந்து கலந்த எல்விஎல்லைத்தான் கேட்க வேண்டும். போரான் ஊட்டிய மரம் மழைபடும் இடத்தில் மருந்தை இழந்துவிடும், கடைக்காரர் எத்தனை உறுதி சொன்னாலும் சரி.

என் முடிவு: நான்கு பக்கமும் எல்விஎல். பணம் இடித்தால் பாரச்சுவர்ப் பக்கத்துக்கும் தாழ்வாரப் பக்கத்துக்கும் மட்டும் எல்விஎல், மற்ற இரண்டுக்கு ஓஎஸ்பி. உயரம் ஒன்றாக இருப்பதால் கலக்கலாம். அண்ணன் இன்னும் கெம்பாஸைத்தான் பார்க்கிறார். நான் அவருக்கு முந்தி இரண்டு தார்ப்பாயும், பலகைகளைத் தரையிலிருந்து தூக்கி வைக்க ஆறு குறுக்குக் கட்டைகளும் வாங்கிப் போட்டுவிட்டேன்.